நூற்றில் எத்தனை விமானம் ரத்து? அந்த எண்ணைப் படிக்கும் முறை

(கைப்பேசி வழியே பொதுத் தகவல்களைப் பயன்படுத்துவது குறித்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு ஒரே ஒரு எண்ணைப் பற்றித்தான் பேசப்போகிறேன். விமான நிறுவனங்களின் ரத்து விகிதம். மாதம் ஒருமுறை செய்தித்தாளில் ஒரு சின்னக் கட்டத்தில் வரும். இந்த நிறுவனம் அரை சதவீதம், அந்த நிறுவனம் இரண்டு சதவீதம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். பார்த்த உடனே நம்ம மனசு தீர்ப்பு எழுதிவிடும்: "அப்போ இதுல போகலாம், அது வேண்டாம்."

சாதாரண நாளில் எதில் போனாலும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆனால் சில பயணங்களை நாள் தள்ளிப்போட முடியாது. மறுநாள் காலை விசா நேர்காணல் இருக்கும். பிள்ளைக்குக் கல்லூரிக் கலந்தாய்வு இருக்கும். அப்பாவுக்கு ஆபரேஷன் தேதி குறித்திருப்பார்கள். அந்த மாதிரி நேரத்தில் இந்த எண்ணை நம்பித்தான் நாலாயிரம், எட்டாயிரம் என்று பணம் கட்டுகிறோம். அதனால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "புள்ளிவிவரமெல்லாம் சும்மாங்க" என்று சொல்ல நான் வரவில்லை. அந்த எண்ணில் விஷயம் இருக்கிறது. ஆனால் அதனிடம் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எதிலிருந்து எத்தனை? எப்போது எண்ணியது? யார் எண்ணியது? இந்த மூன்றும் தெரியாமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டால், கிலோ கணக்கில் வாங்கிய தக்காளியையும் கூறு கணக்கில் வாங்கிய தக்காளியையும் விலை ஒப்பிட்ட மாதிரி ஆகிவிடும்.

எண் எங்கே கிடைக்கும்?

நம் நாட்டில் உள்நாட்டு விமானப் போக்குவரத்து பற்றிய மாத அறிக்கையை சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கைப்பேசியிலேயே பிடிஎஃப் ஆகத் திறந்து படிக்கலாம். காசு கிடையாது.

அதில் நிறுவனவாரியாக எத்தனை பேர் பயணம் செய்தார்கள், இருக்கைகள் எவ்வளவு நிரம்பின, ரத்து விகிதம் எவ்வளவு, பத்தாயிரம் பயணிகளுக்கு எத்தனை புகார் வந்தது என்பதெல்லாம் இருக்கும். ரத்துக்கான காரணங்களைத் தொழில்நுட்பம், வானிலை, இயக்கம், வணிகம், இதரவை என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். ரத்தால் எத்தனை பயணிகள் பாதிக்கப்பட்டார்கள், அவர்களுக்கு என்ன வசதி செய்து கொடுத்தார்கள், எவ்வளவு செலவானது என்றும் இருக்கும். செய்தித்தாள்கள் பெரும்பாலும் ஒரு வரியை மட்டும் எடுத்துப் போடுகின்றன. நமக்கு வேண்டிய விவரம் பல நேரம் அடுத்த பக்கத்தில் இருக்கும்.

நேரம் தவறாமைக் கணக்கும் அதிலேயே வரும். குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் கிளம்பினால் அந்த விமானம் சரியான நேரத்தில் கிளம்பியதாகக் கணக்கு. ஆனால் இந்தக் கணக்கு சில பெரிய நகர விமான நிலையங்களுக்கு மட்டும்தான். தூத்துக்குடியிலோ சேலத்திலோ நீங்கள் காத்திருந்த இரண்டு மணி நேரம் அந்தச் சதவீதத்தில் சேராது.

முதல் கேள்வி: எதிலிருந்து எத்தனை?

இதற்கு நடந்த ஓர் உதாரணமே இருக்கிறது. 2025 நவம்பர் மாதம், இண்டிகோ நிறுவனம். டிசம்பர் முதல் வாரத்தில் அந்த நிறுவனத்தின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் முந்தைய மாதக் கணக்கு வெளியே வந்தது.

முதலில் வந்த தகவல், நவம்பரில் 1,232 விமானங்கள் ரத்து என்று சொன்னது. காரணமும் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். விமானிகள், பணியாளர்கள் பற்றாக்குறையும் புதிய பணிநேர விதிகளும் காரணமாக 755. விமான நிலையம், வான்வெளிக் கட்டுப்பாடுகளால் 258. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதானதால் 92. மற்றவை 127. கூட்டிப் பாருங்கள், 1,232 சரியாக வரும்.

சில நாள் கழித்து, அந்த நிறுவனத்தின் அட்டவணையைக் குறைக்கச் சொல்லி டிஜிசிஏ ஓர் உத்தரவு போட்டது. அதில் வேறு எண்கள் இருந்தன. நவம்பருக்கு அனுமதித்த விமானங்கள் 64,346. உண்மையில் இயக்கியவை 59,438. ரத்தானவையாகப் பதிவானவை 951.

இப்போது கைப்பேசியில் கால்குலேட்டரைத் திறங்கள். 951-ஐ 64,346-ஆல் வகுத்தால் சுமார் 1.5 சதவீதம். 1,232-ஐ அதே எண்ணால் வகுத்தால் சுமார் 1.9 சதவீதம். அனுமதி வாங்கியதற்கும் இயக்கியதற்கும் உள்ள இடைவெளி 4,908. அதை வகுத்தால் 7.6 சதவீதம். ஒரே நிறுவனம், ஒரே மாதம். ஒன்றரையும் சொல்லலாம், ஏழரையும் சொல்லலாம். மூன்றும் அதிகாரபூர்வமான எண்களிலிருந்து வந்தவைதான்.

அப்படின்னா எது சரி? மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். 7.6 என்பது, "இவ்வளவு விமானம் ஓட்டுவேன் என்று அனுமதி வாங்கினாயே, அதில் எவ்வளவு ஓட்டவில்லை?" என்ற கேள்விக்கான பதில். விமான நிலையத்தில் நேரத்தை வாங்கி வைத்துக்கொண்டு பயன்படுத்தாமல் விடுவது பற்றி யோசிக்கும் அரசு அலுவலருக்கு அது முக்கியம். ஆனால் அனுமதி வாங்கிய எல்லா விமானத்துக்கும் டிக்கெட் விற்றிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. விற்காத விமானம் ஓடாமல் போனால் எந்தப் பயணியும் நடு வழியில் நிற்கமாட்டார். நமக்கு வேண்டிய கேள்வி வேறு: "எனக்கு டிக்கெட் விற்றுவிட்டு எத்தனை முறை ஓட்டாமல் விட்டாய்?" அதற்குப் பதில் சொல்லும் எண்ணில் மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்து நிறுவனத்தோடு ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கணக்கில் விமானம் ஒவ்வொன்றும் ஒன்றுதான். எழுபது, எண்பது பேர் போகிற சின்ன ஏடிஆர் விமானம் ரத்தானாலும் ஒன்று. நூற்றெண்பது பேர் போகிற ஏர்பஸ் ரத்தானாலும் ஒன்று. அதனால்தான் பாதிக்கப்பட்ட பயணிகள் எண்ணிக்கை என்ற பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறேன்.

சின்ன நிறுவனங்களின் சதவீதம் துள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். மாதம் 60 விமானம் மட்டும் ஓட்டும் ஒரு நிறுவனம். தினமும் போக ஒன்று, வர ஒன்று. அதன் ஒரே விமானம் பழுதாகி மூன்று நாள் நின்றால் ஆறு ரத்து. உடனே பத்து சதவீதம் ஆகிவிடும். அடுத்த மாதம் பழுதே இல்லையென்றால் பூஜ்யம். இதை வைத்து அந்த நிறுவனம் முதல் மாதம் மோசம், இரண்டாம் மாதம் உத்தமம் என்று சொல்ல முடியுமா? சின்ன நிறுவனத்துக்கு ஆறு மாதம், ஒரு வருடம் என்று சேர்த்துப் பார்த்தால்தான் ஓரளவு உண்மை தெரியும்.

இரண்டாம் கேள்வி: எப்போது எண்ணியது?

ரத்து என்றால் ரத்துதானே, இதில் என்ன சந்தேகம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாட்டுக்கு நாடு கோடு வேறு இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

அமெரிக்காவில், புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தைய ஏழு நாட்களுக்குள் முன்பதிவுக் கணினியில் இருந்த விமானம் ஓடவில்லை என்றால்தான் அது ரத்துக் கணக்கில் வரும். ஆஸ்திரேலியாவிலும் ஏழு நாள்தான் எல்லை. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் புள்ளிவிவரத்தில் எல்லை 24 மணி நேரம். அதற்கு முன்பே அறிவித்துவிட்டால் அது ரத்தாக எண்ணப்படாது.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு விமானத்தை மூன்று நாள் முன்னதாக ரத்து செய்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் அது ஒரு ரத்து. பிரிட்டன் கணக்கில் இல்லவே இல்லை. பத்து நாள் முன்னதாக ரத்து செய்தால் இரண்டு கணக்கிலும் இல்லை. ஆனால் பயணிக்கு? கல்யாணத்துக்குப் போக இரண்டு மாதம் முன்னாடியே மலிவாக டிக்கெட் எடுத்து வைத்தவருக்கு, பத்து நாள் முன்னால் பணம் திரும்பி வந்தால் என்ன பயன்? அன்றைய விலைக்கு வேறு டிக்கெட் எடுக்க வேண்டும். அது இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ இருக்கும். அவருடைய நஷ்டம் எந்தச் சதவீதத்திலும் ஏறாது.

ஆகவே, "வெளிநாட்டு நிறுவனத்துக்கு இவ்வளவு, நம்ம ஊர் நிறுவனத்துக்கு இவ்வளவு" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஒப்பீட்டைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். கோடு ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

தாமதத்துக்கும் இதே கதைதான். காலை ஏழு மணி விமானம் மாலை நாலு மணிக்குக் கிளம்பினாலும் அது ஓடிய விமானம். ரத்துக் கணக்கில் சேராது. ரத்து செய்யாமல் ஒன்பது மணி நேரம் இழுத்தடித்த நிறுவனமும், ரத்து செய்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பிய நிறுவனமும் இருந்தால், ரத்து விகிதப் பட்டியலில் முன்னதுதான் நல்ல பெயர் வாங்கும். அதனால் ரத்து விகிதத்தைத் தனியாகப் படிக்காதீர்கள். தாமதத்தால் பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

மூன்றாம் கேள்வி: யார் எண்ணியது?

மாத அறிக்கையை வெளியிடுவது டிஜிசிஏ. ஆனால் எத்தனை ரத்து, எதனால் ரத்து என்ற விவரத்தைக் கொடுப்பது விமான நிறுவனங்கள். எல்லா நாட்டிலும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை. விமானம் ஓடியதா இல்லையா என்பதை மறைப்பது கடினம். வானத்தில் பறந்ததை ஊரே பார்க்கும், ராடாரும் பார்க்கும். ஆகவே எண்ணிக்கை பெரும்பாலும் நம்பத்தக்கது.

காரணம் அப்படி இல்லை. இங்கேதான் பயணியின் பணம் சம்பந்தப்படுகிறது. நம் நாட்டு விதிப்படி, வானிலை, இயற்கைச் சீற்றம், பாதுகாப்பு அச்சுறுத்தல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு போல நிறுவனத்தின் கையை மீறிய காரணத்தால் ரத்தானால் இழப்பீடு தர வேண்டியதில்லை. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், அல்லது மாற்று விமானம் தரவேண்டும், அவ்வளவுதான். பணியாளர் இல்லை, விமானம் பழுது என்றால் நிலைமை வேறு. ஆக, காரணத்தை எழுதுகிறவரும் இழப்பீடு கொடுக்க வேண்டியவரும் ஒருவரே. அவர் பொய் எழுதுகிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு காரணம் கலந்திருக்கும்போது பேனா எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பாருங்கள்.

கலந்திருப்பது சகஜம். ஒரே விமானம் ஒரு நாளில் நாலைந்து ஊர்களுக்குப் போய்வரும். காலையில் டெல்லியில் மூடுபனியால் மூன்று மணி நேரம் நின்றது. மதியம் சென்னைக்கு வந்தபோது விமானிகளுக்கு அன்றைய பணிநேரம் முடிந்துவிட்டது. மாலை கோவை விமானம் ரத்து. இது வானிலையா, பணியாளர் பற்றாக்குறையா? கோவையில் வானம் தெளிவாக இருக்கும். "வெயில் அடிக்குது, வானிலைன்னு சொல்றாங்களே" என்று பயணி கோபப்படுவார். சங்கிலியின் முதல் கண்ணியைப் பார்த்தால் வானிலை. மாற்று விமானிகளைத் தயாராக வைக்காததைப் பார்த்தால் நிர்வாகம். அறிக்கையில் ஒரு கட்டத்தில்தான் குறி போட முடியும்.

எங்கே ஓட்டுகிறார்கள் என்பதும் கணக்கை மாற்றும்

அடுத்து, மொத்தச் சதவீதம் காட்டும் ஒரு வேடிக்கை. புள்ளியியல் வகுப்புகளில் இன்றைக்கும் சொல்லிக் கொடுக்கிற பழைய அமெரிக்க உதாரணம். இது ரத்து பற்றியது இல்லை, தாமதம் பற்றியது. ஆனால் பாடம் ஒன்றே.

1990-களின் தொடக்கத்தில் அலாஸ்கா ஏர்லைன்ஸ், அமெரிக்கா வெஸ்ட் என்ற இரண்டு நிறுவனங்களை ஐந்து விமான நிலையங்களில் ஒப்பிட்டார்கள். மொத்தத்தில் அலாஸ்காவுக்கு 13.3 சதவீதம் தாமதம், அமெரிக்கா வெஸ்ட்டுக்கு 10.9 சதவீதம். அப்போ அமெரிக்கா வெஸ்ட் நல்லது, இல்லையா? ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து ஊரிலும், ஒன்று விடாமல், அலாஸ்காவுக்குத்தான் தாமதம் குறைவு!

எப்படி? அலாஸ்காவின் பெரும்பாலான விமானங்கள் மழையும் மூடுபனியும் நிறைந்த சியாட்டில் ஊரில். அமெரிக்கா வெஸ்ட்டின் பெரும்பாலான விமானங்கள் வெயில் காயும் பாலைவன ஊரான ஃபீனிக்ஸில். கஷ்டமான ஊரில் நிறைய ஓட்டியவருக்கு மொத்தத்தில் கெட்ட பெயர். சுலபமான ஊரில் நிறைய ஓட்டியவருக்கு நல்ல பெயர்.

நம் நாட்டில் டிசம்பர், ஜனவரியில் டெல்லி மூடுபனி இருக்கிறது. டெல்லியை நம்பி அட்டவணை போட்ட நிறுவனத்துக்கு அந்த இரண்டு மாதமும் ரத்து ஏறும். சென்னைக்குப் புயல் இருக்கிறது. 2023 டிசம்பர் 4-ம் தேதி மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதையை மூடினார்கள், மறுநாள் காலைதான் திறந்தார்கள். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயலிலும் மூடினார்கள். அந்த நாளில் எந்த நிறுவனம் சென்னையில் அதிகம் ஓட்டுகிறதோ அதற்குத்தான் ரத்தும் அதிகம். திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே நாடு முழுவதற்குமான சதவீதத்தை விட, நீங்கள் போகப்போகும் தடத்தின் நிலைமைதான் உங்களுக்கு உதவும்.

சராசரிக்குள் மறையும் மூன்று நாள்

மறுபடி 2025 டிசம்பருக்கு வருவோம். விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கையும் குறைக்கப்பட்டது. களைப்போடு விமானம் ஓட்டக்கூடாது என்பதற்கான விதிகள் இவை. இரண்டாம் கட்டம் நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கேற்ற ஆள் திட்டமிடல் இல்லாமல் போனதில் டிசம்பர் 3 முதல் 5 வரை மூன்று நாளில் இண்டிகோவின் 2,507 விமானங்கள் ரத்து, 1,852 விமானங்கள் தாமதம் என்று டிஜிசிஏ சொன்னது. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் தவித்தார்கள். பின்னர் நிறுவனத்துக்கு 22.20 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

அந்த நிறுவனம் அப்போது நாளொன்றுக்குச் சுமார் 2,200 விமானம் ஓட்டியது. மூன்று நாளுக்கு 6,600 என்று வையுங்கள். 2,507 என்றால் நூற்றுக்கு 38. அதே 2,507-ஐ வருடம் முழுக்க ஓடும் சுமார் எட்டு லட்சம் விமானத்தோடு வகுத்தால் 0.3 சதவீதம்! மூன்று லட்சம் பேர் பெட்டியோடு தரையில் படுத்துக் கிடந்த நிகழ்ச்சி, ஆண்டுக் கணக்கில் ஒரு தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

அதனால் ஒரு மாத எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள், ஓட்டத்தைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் நேரம் தவறாமை அக்டோபரில் 84.1 சதவீதம், நவம்பரில் 67.7 சதவீதம். ஒரே மாதத்தில் அவ்வளவு சரிவு என்றால் உள்ளே ஏதோ இழுத்துப் பிடித்து ஓடுகிறது என்று அர்த்தம். ஆனால் மாத அறிக்கை அடுத்த மாதம்தான் வெளியாகும். நேற்றைய நிலைமைக்குச் செய்தி பார்க்க வேண்டும், கைப்பேசியில் விமானத்தின் நிலையைப் பார்க்க வேண்டும்.

சரி, டிக்கெட் எப்படி எடுப்பது?

தள்ளிப்போட முடியாத பயணம் என்றால், முதலில் உங்கள் விமானத்தின் எண்ணைப் பாருங்கள். ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற செயலிகளில் அந்த எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களில் அது எப்போது கிளம்பியது, ரத்தானதா என்று தெரியும். நாடு தழுவிய சதவீதத்தை விட உங்களுக்கு இது பக்கத்துச் சாட்சி. ஆனால் ஒன்று கவனியுங்கள். விமானத்திலிருந்து வரும் சிக்னல் கிடைக்காமல் போனாலும் விவரம் காலியாகக் காட்டும். காலி என்றால் ரத்து என்று முடிவுகட்ட வேண்டாம்.

இரண்டாவது, மாற்று வழி இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை–டெல்லி தடத்தில் ஒரு விமானம் ரத்தானால் சில மணி நேரத்தில் அடுத்தது இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ மட்டும் போகும் ஊருக்கு ரத்தானால் அடுத்த நாள்தான். இரண்டு தடத்திலும் ரத்து விகிதம் ஒன்றாகவே இருக்கலாம். அதனால் வரும் பாதிப்பு ஒன்றல்ல. நாளின் கடைசி விமானத்துக்கும் இதே நியாயம். அது ரத்தானால் அன்றைக்கு வேறு வழியில்லை.

மூன்றாவது, பொதுவாகக் காலை விமானம் நல்லது. தாமதம் சங்கிலியாகச் சேர்ந்து மாலையில்தான் அதிகமாகும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பக்கம் போகிறீர்கள் என்றால் இது தலைகீழ். விடிகாலையில்தான் மூடுபனி. பனி விலகிய பிறகு இறங்கும் விமானம் பாதுகாப்பான தேர்வு.

நான்காவது, இணைப்பு விமானம் என்றால் அபாயத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு சதவீதம் வாய்ப்பு என்றால், இரண்டில் ஏதாவது ஒன்று ரத்தாக ஏறக்குறைய நாலு சதவீதம். இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால், முதல் விமானம் ரத்தாகி இரண்டாவதைத் தவறவிடும்போது இரண்டாம் நிறுவனம் "அது உங்க பொறுப்பு" என்று சொல்லிவிடும்.

ரத்தானால் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும்?

முன்பு சொன்னேன், எப்போது அறிவித்தார்கள் என்பதை வைத்துத்தான் கோடு போடுகிறார்கள் என்று. உங்கள் உரிமைக்கும் அதே கோடுதான். தற்போதைய டிஜிசிஏ விதிப்படி, புறப்பட 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிவித்துவிட்டால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம், இரண்டில் நீங்கள் ஏற்றுக்கொள்வதைத் தர வேண்டும். தேர்வு உங்களுடையது, நிறுவனத்தினுடையது அல்ல. அப்படித் தெரிவிக்காமல் ரத்து செய்து, காரணமும் அவர்கள் கைக்குள் இருந்ததாக இருந்தால், இதற்கு மேல் இழப்பீடும் உண்டு. பயண நேரம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், ஒன்றிலிருந்து இரண்டு மணி என்றால் 7,500 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய். அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது.

ஆகவே ரத்துச் செய்தி வந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீர்கள். தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விமான நிலையத்தில் அறிவிப்புப் பலகையைப் படம் எடுங்கள். கவுன்டரில் என்ன காரணம் என்று கேட்டு, அதை மின்னஞ்சலிலோ செயலியிலோ எழுத்தாக வாங்குங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது.

நம் ஊரில் அடிக்கடி நடக்கும் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பிரவுசிங் சென்டரிலோ ஏஜென்டிடமோ டிக்கெட் போடும்போது அவர்கள் தங்கள் கைப்பேசி எண்ணையே கொடுத்துவிடுவார்கள். ரத்துச் செய்தி அவர் போனுக்குப் போகும். நீங்கள் பெட்டியோடு விமான நிலையத்தில் போய் நிற்பீர்கள். முன்பதிவின்போது சரியான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்று அதே விதி சொல்கிறது. டிக்கெட்டைக் கையில் வாங்கியதும், பிஎன்ஆர் எண்ணைப் போட்டு நிறுவனத்தின் செயலியில் உங்கள் எண் இருக்கிறதா என்று பாருங்கள். வயதான அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டிருந்தால், எஸ்எம்எஸ் பார்க்கத் தெரிந்தவர் எண்ணைக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

புகாரை முதலில் நிறுவனத்திடம் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா செயலியிலோ இணையதளத்திலோ பதிவு செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது.

புகார் கொடுப்பதில் இன்னொரு பொது நன்மையும் உண்டு. நிறுவனங்கள் கொடுக்கும் ரத்துக் கணக்கைச் சரிபார்க்கப் பயணிகளிடமிருந்து வரும் விவரம் புகார்தான். "பழுது என்று கவுன்டரில் சொன்னார்கள், வானிலை என்று மின்னஞ்சல் வந்தது" என்று நூறு பேர் ஆதாரத்தோடு எழுதினால், அந்த முரண்பாட்டைக் கண்டுகொள்ளாமல் விடுவது கடினம். ஆயிரம் பேர் முனகிவிட்டு வீட்டுக்குப் போனால் அறிக்கையில் ஒரு வரி கூட மாறாது.

அடுத்த மாதம் அந்தச் சின்னக் கட்டத்தைச் செய்தித்தாளில் பார்க்கும்போது, அதை ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். எதிலிருந்து எத்தனை, எப்போது எண்ணியது, யார் எண்ணியது என்று கேட்டுவிட்டு, உங்கள் தடத்தையும் உங்கள் நேரத்தையும் பார்த்து டிக்கெட் எடுங்கள். எடுத்த டிக்கெட்டில் உங்கள் கைப்பேசி எண் இருக்கிறதா என்பதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.